5 பேர், 3 ராத்திரி, நியூயார்க்: கார்டுல கடன் வைக்காம போயிட்டு வந்த கணக்கு

போன வீடியோவுல எங்க நியூயார்க் ட்ரிப் பத்தி ரெண்டே நிமிஷம்தான் பேசினேன். அதுக்கே "மொத்தம் எவ்வளவு ஆச்சு, உண்மையைச் சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. பில்லை எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டுதான் இதை எழுதுறேன். நாங்க போனது 2025 ஜூன். இந்த சம்மருக்கு ப்ளான் பண்றவங்களுக்கு எது மாறியிருக்குன்னும் அங்கங்கே சொல்லிடுறேன்.

முதல்ல ஒரு பழைய கதை. 2023 சம்மர்ல குடும்பத்தோட ஒரு பீச் ஊருக்குப் போனோம். ப்ளான்னு எதுவும் கிடையாது. "ஒரு தடவைதானே"ன்னு எல்லாத்தையும் கிரெடிட் கார்டுல தேய்ச்சாச்சு. திரும்பி வந்து பார்த்தா 2,600 டாலர் நிக்குது. கார்டு வட்டி வருஷத்துக்கு 25% கிட்ட. மாசம் 300 கட்டி முடிக்கப் பத்து மாசம் ஆச்சு. வட்டி மட்டும் 300 டாலருக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது, முடிஞ்சுபோன நாலு நாள் லீவுக்கு ஒரு மாசத் தவணையை வட்டியாவே கொடுத்திருக்கேன். கடைசித் தவணை கட்டின அன்னைக்கு வீட்டுல சொன்னது இதுதான்: "இனிமே ட்ரிப்னா காசு கையில இருக்கணும். இல்லேன்னா பக்கத்துப் பார்க்குக்குப் போவோம், சரியா?"

சரின்னுட்டேன். மாசம் 300 வெளியே போய்ப் பழகிடுச்சு இல்லையா, அதுல பாதியை, 150 டாலரை, சம்பளம் வந்த மறுநாளே தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு ஆட்டோமேட்டிக்கா போற மாதிரி வச்சேன். அந்த அக்கவுண்டுக்கு 4% பக்கம் வட்டி. 2024 ஜூன்லேருந்து 2025 மே வரைக்கும் 12 மாசத்துல 1,800 டாலர், வட்டி ஒரு 40. இந்த 1,840-தான் பட்ஜெட். இதுக்கு மேல ஒரு டாலர் கிடையாது.

அப்பதான் கணக்குல புதுசா ஒரு ஆள் சேர்ந்தாங்க. 2025 பிப்ரவரியில கோவில்பட்டியிலேருந்து அம்மா வந்தாங்க. வயசு 63, முட்டி வலி. ஜூலையில திரும்பணும். நாங்க இருக்கிறது வர்ஜீனியாவுல ரிச்மண்ட். கார் இல்லாம வெளியே கால் வைக்க முடியாத ஏரியா. பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தாங்க, ஆனா ஒரு வார்த்தை குறை சொல்லல. அவங்க ஊருக்குத் திரும்புறதுக்குள்ள ஒரு பெரிய ஊரைக் காட்டியே ஆகணும். ஆக நாங்க ரெண்டு பேர், அம்மா, 7 வயசுப் பொண்ணு, 3 வயசுப் பையன். அஞ்சு பேர்.

ஹோட்டல்: இங்கதான் ட்ரிப்பே முடிவாகுது

சிட்டி ட்ரிப்புல நாம சாண்ட்விச், தண்ணி பாட்டில்னு சின்னச் சின்ன செலவுலதான் மிச்சம் பிடிக்கப் பார்ப்போம். ஆனா எங்க செலவுல பாதிக்குக் கிட்ட ஹோட்டலுக்கே போச்சு. அதனால நேரத்தையும் மூளையையும் முதல்ல அங்கே செலவு பண்ணுங்க.

"ஹோட்டல் எதுக்கு, வீடா எடுத்தா சமைச்சுச் சாப்பிடலாமே"ன்னு எனக்கும் தோணிச்சு. நியூயார்க்ல அது நடக்காது. 2023 செப்டம்பர்லேருந்து அங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்திருக்கு. 30 நாளுக்குக் குறைவா வீட்டை வாடகைக்கு விடணும்னா உரிமையாளர் நகராட்சியில பதிவு பண்ணியிருக்கணும், விருந்தாளி தங்குற நாள்ல அவரும் அதே வீட்டுல இருக்கணும், ரெண்டு பேருக்கு மேல தங்க வைக்கக் கூடாது. அஞ்சு பேர் குடும்பத்துக்கு இது சரிப்படாது. யாராவது "முழு வீடு, ரொம்ப சீப்"னு நியூயார்க் முகவரி காட்டினா உஷாரா இருங்க.

அடுத்த சிக்கல், அங்கே நிறைய ஹோட்டல்ல ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். அஞ்சாவது ஆள் 3 வயசுக் குழந்தையா இருந்தாலும் சில இடத்துல கணக்குல சேர்ப்பாங்க. "ரெண்டு கட்டில் இருக்கு, சமாளிச்சுக்கலாம்"னு புக் பண்ணிட்டுப் போய் ராத்திரி ரிசப்ஷன்ல நிக்காதீங்க. தேடும்போதே அஞ்சு பேர்னு போட்டுத் தேடுங்க. சோஃபா பெட் இருக்கிற ரூம்கள் வரும். நாங்க எடுத்தது அப்படி ஒண்ணு. காலைச் சாப்பாடும் அதுலேயே சேர்த்தி. வெளியே சாப்பிட்டா அஞ்சு பேருக்குக் காலையில மட்டும் 50, 60 டாலர் சுலபமா போயிடும். அதனால ஒரு இருபது டாலர் கூட இருந்தாலும் காலைச் சாப்பாட்டோட இருக்கிற ஹோட்டல்தான் லாபம்.

இடம்? மன்ஹாட்டன் இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் குயின்ஸ்ல லாங் ஐலண்ட் சிட்டி. 7-ம் நம்பர் சப்வே ரயில் ஏறினா சில நிமிஷத்துல மன்ஹாட்டன் கிராண்ட் சென்ட்ரல். அதே ரயில்ல எதிர்ப் பக்கம் போனா ஜாக்சன் ஹைட்ஸ், ஃப்ளஷிங். ஒரே லைன்ல ரெண்டு பக்கமும் வேலை முடியுது. நியூ ஜெர்சி பக்கம் ஜெர்சி சிட்டியில தங்கி பாத் ரயில்ல வர்றதும் நல்ல வழிதான். எங்களுக்கு ஃப்ளஷிங் போக வேண்டியிருந்தது, ஏன்னு கடைசியில சொல்றேன்.

இப்ப விலை. பிப்ரவரியிலேயே, கேன்சல் பண்ணினா முழுப் பணமும் திரும்ப வர்ற ரேட்ல ஒரு ராத்திரி 239 டாலருக்குப் போட்டு வச்சேன். அதோட மறந்துடாம மாசம் ஒரு தடவை திரும்பப் பார்த்தேன். மே மாசம் அதே ரூம் 219. புதுசா புக் பண்ணிட்டு பழசை கேன்சல் பண்ணிட்டேன். அஞ்சு நிமிஷ வேலை, மூணு ராத்திரிக்கு 60 டாலர். ஞாயிறு போய் புதன் திரும்பினோம். நாங்க பார்த்த தேதிகள்ல சனிக்கிழமையை விட ஞாயிறு நல்லாவே கம்மியா இருந்தது.

ஆனா 219-ங்கிறது விலை கிடையாது. நியூயார்க் சிட்டியில ஹோட்டல் ரூமுக்கு வரி எல்லாம் சேர்த்து 14.75%. அதுக்கு மேல ஒரு ராத்திரிக்கு மூணரை டாலர் தனி. அதாவது 219-க்கு 32.30, கூட 3.50, மொத்தம் 254.80. மூணு ராத்திரிக்கு 764 டாலர். நாம மனசுல வச்சிருந்தது 657. நூறு டாலருக்கு மேல இடிக்குது பாருங்க. முன்னாடி இது போதாதுன்னு "டெஸ்டினேஷன் ஃபீ"ன்னு ஒண்ணைக் கடைசிப் பக்கத்துல சொருகுவாங்க. 2025 மே 12-லேருந்து மத்திய அரசோட விதிப்படி, கட்டாயமா வசூலிக்கிற இந்த மாதிரி ஃபீயை முதல்ல காட்டுற விலையிலேயே சேர்த்துக் காட்டணும். அரசாங்க வரியை மட்டும் பிறகு காட்டலாம். அதனால இப்பவும் பார்க்கிற விலையோட 15% கூட்டி மனசுல வச்சுக்கோங்க.

இந்த வருஷத்துக்கு ஒரு எச்சரிக்கை. 2026 ஃபுட்பால் உலகக் கோப்பை ஜூன் 11-லேருந்து ஜூலை 19 வரைக்கும் நடக்குது. நியூயார்க்குக்குப் பக்கத்துல நியூ ஜெர்சி ஸ்டேடியத்துல பல மேட்ச், ஃபைனலும் அங்கேதான். மேட்ச் பார்க்கப் போறவங்களைத் தவிர மத்தவங்க ஆகஸ்டுக்குத் தள்ளிப் போடுறதைப் பத்தி யோசிங்க. இல்லேன்னா மே மாசக் கடைசி லாங் வீக்கெண்டுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, ஸ்கூல் பொண்ணுக்கு ரெண்டு நாள் லீவு போனாலும் பரவாயில்லைன்னா.

போக்குவரத்து

ரிச்மண்ட்லேருந்து ஃப்ளைட் பார்த்தேன், அஞ்சு டிக்கெட்னு பார்த்ததும் மூடிட்டேன். ஆம்ட்ராக் ரயில் சுகமா இருக்கும், ஆனா அஞ்சு பேருக்குப் போக வர 500 டாலரைத் தாண்டுது. ஒருத்தர், ரெண்டு பேர்னா ரயில்தான். அஞ்சு பேர்னா கார்தான். ஆனா காரை மன்ஹாட்டனுக்குள்ள கொண்டு போறது தப்பான கணக்கு. 2025 ஜனவரி 5-லேருந்து 60-வது தெருவுக்குத் தெற்கே நுழையுற காருக்கு நெரிசல் நேரத்துல 9 டாலர் கட்டணம். அது கூடப் பரவாயில்லை, பார்க்கிங்தான் ரத்தம் குடிக்கும்.

எங்களுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது, நியூ ஜெர்சி எடிசன்ல என் காலேஜ் நண்பன் இருக்கான். அவன் வீட்டு வாசல்ல காரை விட்டுட்டு, ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கொடுத்துட்டு, நியூ ஜெர்சி ட்ரான்சிட் ரயில்ல பென் ஸ்டேஷன் போயிட்டோம். பெட்ரோல் 70, டோல் 55, அஞ்சு பேருக்கு ரயில் போக வர 105. மொத்தம் 230. நண்பன் இல்லாதவங்க ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங் எங்கே ராத்திரியும் விட அனுமதிக்கிறாங்கன்னு முன்கூட்டியே பார்த்துக்கோங்க.

பென் ஸ்டேஷன்லேருந்து ஹோட்டலுக்கு மட்டும் பெட்டி, அம்மா முட்டி ரெண்டையும் யோசிச்சு டாக்ஸி. மஞ்சள் டாக்ஸியில நாலு பேர்தான், ஆனா 7 வயசுக்குக் கீழே ஒரு குழந்தையைப் பின் சீட்ல மடியில வச்சுக்கலாம்னு அங்கே விதி இருக்கு. பையன் மடியில, தப்பிச்சோம். டிப்ஸோட 35. திரும்பும்போது ஒரு 35.

மத்ததெல்லாம் சப்வே. நாங்க போனப்ப ஒரு ட்ரிப் 2.90, 2026 ஜனவரியிலேருந்து 3 டாலர். தனியா டிக்கெட் வாங்க வேண்டாம், கான்டாக்ட்லெஸ் கிரெடிட் கார்டையோ ஃபோனையோ கேட்ல தட்டினா போதும். ஒருத்தருக்கு எப்பவும் அதே கார்டைத்தான் தட்டணும். அப்பதான் ஏழு நாளுக்குள்ள 35 டாலரைத் தாண்டினா அதுக்கு மேல இலவசம்ங்கிற சலுகை அந்தக் கார்டுக்குக் கிடைக்கும். 44 அங்குலத்துக்கு மேல வளராத குழந்தைக்குக் காசு இல்லை. பையன் இலவசம். பொண்ணு வளர்ந்துட்டா, பெருமையா டிக்கெட் போட்டோம். நாலு பேர், ஆளுக்குப் பத்து ட்ரிப், 116 டாலர்.

எல்லா சப்வே ஸ்டேஷன்லேயும் லிஃப்ட் கிடையாது. பாதிக்கும் மேல படிக்கட்டுதான். வயசானவங்களோட போறவங்க மேப்ல வீல்சேர் அடையாளம் இருக்கிற ஸ்டேஷனா பார்த்து முதல் நாளே குறிச்சு வச்சுக்கோங்க. நான் குறிக்காம விட்ட ஒரு இடத்துல அம்மா 40 படி ஏறினாங்க. "பழனி மலையே ஏறியிருக்கேன்"னு சிரிச்சாங்க, ஆனா அன்னைக்கு ராத்திரி தைலம் தேய்ச்சது நான்தான்.

என்ன பார்த்தோம்: காசு கொடுத்து ஒண்ணே ஒண்ணு

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு விதி போட்டோம். டிக்கெட் வாங்கி உள்ளே போறது ஒரே ஒரு இடம்தான், மத்ததெல்லாம் இலவசமா இருக்கணும், இல்லேன்னா சப்வே கட்டணத்துக்குள்ள முடியணும்.

சுதந்திர தேவி சிலைத் தீவுக்குப் போற படகு பெரியவங்களுக்கு 25 டாலர் பக்கம். பாதுகாப்புச் சோதனை வரிசை, வெயில், அம்மா முட்டி... வேண்டாம்னு ஸ்டாட்டன் ஐலண்ட் ஃபெர்ரி ஏறிட்டோம். அது நகராட்சியோட படகு, முழுக்க இலவசம், ராத்திரி பகல் ஓடுது. 25 நிமிஷப் பயணம், போகும்போது வலது பக்கம் நின்னா சிலை நல்லாத் தெரியும். அங்கே இறங்கி அடுத்த படகுல திரும்பிடலாம். படகுத்துறைக்குப் போற வழியில கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு "ஃபெர்ரி டிக்கெட் இங்கே"ன்னு சிலர் கூப்பிடுவாங்க. நானே பர்ஸை எடுத்துட்டேன். வீட்டுலதான் கையைப் பிடிச்சு இழுத்தாங்க. இலவசப் படகுக்கு டிக்கெட்டே கிடையாதுங்க.

உயரத்துலேருந்து ஊரைப் பார்க்கணும்னா எம்பயர் ஸ்டேட் மாதிரி இடங்கள்ல ஆளுக்கு 40 டாலருக்கு மேல. குடும்பத்துக்கு 200 ஆகிடும். அதுக்குப் பதிலா ரூஸ்வெல்ட் ஐலண்ட் ட்ராம்வே. கம்பியில தொங்குற கேபிள் கார், கிழக்கு ஆத்தைக் கடந்து போகும், கட்டணம் சப்வே அளவுதான். பொண்ணு இறங்க மாட்டேன்னு அடம் பிடிச்சா. ராத்திரிக்கு ஹோட்டல் பக்கத்துலேயே கேன்ட்ரி ப்ளாசா பார்க். எதிர்க்கரையில மன்ஹாட்டன் முழுக்க விளக்கு. பெஞ்சுல உக்காந்து ரெண்டு ராத்திரி பார்த்தோம். சென்ட்ரல் பார்க் விளையாட்டு மைதானங்கள்ல சம்மர்ல தண்ணி பீச்சுற அமைப்பு இருக்கு, பையனுக்கு மாத்து டிரஸ் எடுத்துட்டுப் போங்க. பாத்ரூமுக்கு எங்கே போறதுன்னு தவிக்கிறவங்களுக்கு: ஃபெர்ரி டெர்மினல், ப்ரையன்ட் பார்க், அதுக்குப் பக்கத்துலேயே இருக்கிற பெரிய பப்ளிக் லைப்ரரி.

காசு கொடுத்துப் பார்த்த ஒண்ணு, அமெரிக்கன் மியூசியம் ஆஃப் நேச்சுரல் ஹிஸ்டரி. டைனோசர், கூரையிலேருந்து தொங்குற நீலத் திமிங்கலம். எங்களுக்கு 120 டாலர் ஆச்சு. நியூயார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட்ல இருக்கிறவங்க முகவரி காட்டினா விரும்பின தொகை கொடுத்தா போதும், மறந்துடாதீங்க. காலையில போய் சாயங்காலம்தான் வெளியே வந்தோம்.

சொதப்பலும் ஒண்ணு இருக்கு. டைம்ஸ் ஸ்கொயர்ல கார்ட்டூன் வேஷம் போட்டவர் பையனைத் தூக்கினார், நான் ஃபோட்டோ எடுத்தேன், கை நீட்டி 20 டாலர் கேட்டார். கொடுத்துட்டேன். வேண்டாம்னா தூரத்துலேயே தலையாட்டிட்டு நகர்ந்துடுங்க.

சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு. மெனுவுல இருக்கிற விலைக்கு மேல 8.875% வரி, உக்காந்து சாப்பிட்டா 18 முதல் 20% டிப்ஸ். பில்லுல வரி எவ்வளவோ அதை ரெண்டு மடங்கு பண்ணினா டிப்ஸ் கணக்கு வந்துடும். கவுண்டர்ல நின்னு வாங்கிட்டுப் போறதுக்கு ஸ்க்ரீன்ல டிப்ஸ் கேட்டா "இல்லை"ன்னு அழுத்துறதுல தப்பே இல்லை. நாங்க ஒரு வேளை பீட்சா, ஒரு வேளை தள்ளுவண்டி ஃபலாஃபல், ஒரு ராத்திரி ஜாக்சன் ஹைட்ஸ்ல சோறுன்னு 280-ல முடிச்சோம்.

அம்மாவோட கணக்கு

இவ்வளவு ப்ளான் பண்ணியும் நான் யோசிக்காத ஒண்ணு இருந்தது. முதல் ரெண்டு நாளும் அம்மா எதையும் வாங்க விடல. தெருவுல ப்ரெட்சல் 5 டாலர்னு சொன்னதும், "எய்யா, நம்மூரு காசுக்கு எம்புட்டு?" 430 ரூபா பக்கம்னு உளறிட்டேன். அதோட சரி. "எனக்குப் பசிக்கல" ஆரம்பிச்சுடுச்சு. ஐஸ்க்ரீம் வேண்டாம், காபி வேண்டாம், கால் வலிச்சாலும் டாக்ஸி வேண்டாம். நான் கடன் வாங்கித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்னு நினைச்சிருக்காங்க. 2023 கதை அவங்களுக்கும் தெரியுமே.

ரெண்டாவது ராத்திரி அந்தப் பார்க் பெஞ்சுல உக்காந்து ஃபோன்ல சேவிங்ஸ் அக்கவுண்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு மாசமும் 150, 150-ன்னு பன்னெண்டு வரி. "இது இந்த ட்ரிப்புக்குன்னு ஒரு வருஷமா எடுத்து வச்சது. செலவு பண்ணாட்டாலும் இதை வேற எதுக்கும் தொட மாட்டோம்மா"ன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மேலேருந்து கீழே வரைக்கும் படிச்சாங்க. அப்புறம், "நாளைக்கு அந்த முறுக்கு ரொட்டி ஒண்ணு வாங்கு"ன்னாங்க. ப்ரெட்சலுக்கு எங்க வீட்டுல இப்ப அதான் பேரு. இதை முதல் நாளே காட்டியிருக்கணும்.

கடைசி நாள் ஹோட்டல்ல பெட்டியை விட்டுட்டு 7-ம் நம்பர் ரயில்ல கடைசி ஸ்டாப் ஃப்ளஷிங். அங்கே பௌன் தெருவுல 1977-ல கும்பாபிஷேகம் நடந்த பிள்ளையார் கோவில் இருக்கு. அமெரிக்காவுல முதல்ல கட்டின இந்துக் கோவில்கள்ல ஒண்ணு. கோவிலுக்குக் கீழே கேன்டீன். தட்டுல தோசையும் சாம்பாரும் வந்ததும் அம்மா பேசவே இல்ல. ரெண்டாவது தோசை அவங்களே சொல்லி வாங்கினாங்க. பில் 45 டாலர். நான் கார்டை எடுக்கிறதுக்குள்ள முந்தானையிலேருந்து ஒரு நூறு டாலர் நோட்டை எடுத்தாங்க. பிப்ரவரியில வந்தப்ப கைச்செலவுக்குன்னு நான் கொடுத்தது, நாலு மாசமா பிரிக்காம வச்சிருந்திருக்காங்க. "ஆச்சி ட்ரீட்டா?"ன்னு பொண்ணு கேட்டா. "ஆமா"ன்னாங்க.

இப்ப மொத்தக் கணக்கு. ஹோட்டல் 764, ஊர் போக வர 230, டாக்ஸி 70, சப்வே 116, மியூசியம் 120, சாப்பாடு 280. வேஷக்காரர், ஐஸ்க்ரீம், ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம், முறுக்கு ரொட்டி எல்லாம் சேர்த்து 95. ஆக 1,675. மிச்சம் 165 அதே அக்கவுண்டுல அடுத்த ட்ரிப்புக்குக் கிடக்கு. அம்மாவுக்கு எடுத்த விசிட்டர் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் இதுல சேராது. அது அவங்க வந்த அன்னைக்கே தனியா எடுத்தது, ட்ரிப் இல்லேன்னாலும் எடுத்திருப்போம்.

ஷீட்டை வீடியோவுக்குக் கீழே வச்சிருக்கேன், காப்பி பண்ணி உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. கடைசி வரியில "அம்மா கொடுத்தது: 45"ன்னு ஒண்ணு இருக்கும். உங்களுக்குத் தேவையில்லைன்னா அழிச்சுடலாம், எங்க ஷீட்ல அதை அழிக்க வீட்டுல விடல.